ஜப்பான் எழுத்து வேனும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. அவர் நினைவாகப் போடுகிற இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவர் ஓட்டிய வேனில் ஏறியவர்கள். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போக ஏறினீர்கள். சிலர் கல்யாணத்துக்கு ஏறினீர்கள். வேனை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மகள் எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மடுல்சீமைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தார். அண்ணன் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை.

அப்பா இருமலில் படுத்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டார். தோட்டத்தில் பேர் பதிய அவருக்கு மனம் வரவில்லை. வெலிமடைக்குப் போய் மரக்கறி லொறி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. பழைய இங்கிலீஷ் லொறி. மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டி நிற்கும். நின்றதும் கிளீனர் குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட வேண்டும். போடாவிட்டால் லொறி பின்னால் உருளும். அந்தக் கட்டையில் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியது. அதற்குப் பிறகு அந்த விரல் மடங்கவே இல்லை.

அந்த லொறியிலேயே ஓட்டப் பழகினார். பிறகு பதுளையில் ஒரு முதலாளியிடம் வேன் ஓட்டினார். அது ஜப்பான் வேன். மேட்டில் நிற்காத வண்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் சொந்தமாக வேன் எடுத்தார். அண்ணியின் நகை போயிற்று. தோட்டத்தில் பிடித்து வைத்த அம்மாவின் சேமலாப நிதிப் பணம் போயிற்று. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டாம். கொழும்பிலிருந்து வேன் வந்த அன்று லயமே வெளியே வந்து நின்றது. வெள்ளை நிறம். டொல்பின் என்று எல்லாரும் சொல்லுகிற அந்த மொடல். கம்பெனி பேரை நான் எழுதத் தேவையில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் பாதி வண்டியின் மூக்கில் அந்தப் பேர்தான்.

ஏன் அந்த வண்டி என்று கேட்டால் அண்ணன் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். விடியற்காலைப் பனியில் சாவியைத் திருகினால் முதல் தடவையிலேயே பிடிக்கும். உதிரிப் பாகம் பசறைச் சின்னக் கடையில் கூடக் கிடைக்கும். எந்தக் கராஜிலும் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்வார்கள். விற்க நினைத்தால் வாங்குகிறவர் லயத்து வாசலுக்கே வருவார். எஞ்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். குளிர் காலத்தில் முன் சீட்டுக்குத்தான் சண்டை. அது யுத்த காலம், வழியெல்லாம் செக் பொயின்ட். தமிழ் ஆட்கள் என்றால் இறக்கிவிட்டுச் சோதிப்பார்கள். சீட்டைத் தூக்கி எஞ்ஜினைக் காட்டச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு ஆமிக்காரர் எஞ்ஜினைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பித் தந்துகொண்டே, விற்கிறதா என்று கேட்டார்.

வேனின் இரண்டு பக்கமும் நீலத்தில் ஜப்பான் எழுத்து இருந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதை அழிக்கக் கூடாது. எழுத்து இருந்தால்தான் நேரே ஜப்பானிலிருந்து வந்த வண்டி. அழித்துவிட்டால் உள்ளூரில் ஒட்டுப் போட்டு வர்ணம் அடித்தது என்பார்கள். அண்ணன் அந்த எழுத்தைத் தினமும் ஈரத் துணியால் துடைப்பார். அது கம்பெனியின் பேர், அல்லது கம்பெனிக்காரர்களின் சாமி பேர் என்று நினைத்திருந்தார். நாங்களும் அப்படியே நினைத்தோம்.

கல்யாணத்துக்கு அந்த வேன்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வழியில் நின்று மானத்தை வாங்காது. பெண் ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் தாயார் வந்து அந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எல்லாத் தோட்டத்திலும் அது வழக்கமாகிவிட்டது. போட்டோ பிடிப்பவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார்.

கல்யாண வண்டி என்றால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிணம் ஏற்றக் கூடாது. ஒரு தடவை ஏற்றினாலும் பிறகு யாரும் பெண்ணை ஏற்றமாட்டார்கள். அண்ணன் அதில் கண்டிப்பாக இருந்தார். நோயாளியை எந்த நேரமும் கொண்டு போவார். இறந்துவிட்டால் கொண்டு வரமாட்டார். எங்கள் சோறு கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடும் ஹயரில்தான் இருந்தது.

லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டில் மாரியாயி அக்கா. அவருடைய வீட்டுக்காரரை நெஞ்சு வலி என்று அண்ணன்தான் பதுளைக்குக் கொண்டு போனார். மறுநாள் அவர் இறந்துவிட்டார். மாரியாயி அக்கா வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, கொண்டு போன ஒங்க வண்டியிலயே கொண்டாந்துருங்க."

"கோவிச்சுக்காத மாரியாயி. நாளைக்கு இதுல பொண்ணு ஏறணும்."

"மழ பெய்யிதுண்ணே."

மாரியாயி அக்கா திரும்பிப் போய்விட்டார். தோட்டத்துத் துரை கொழுந்து லொறியைக் கொடுத்தார். லொறிக்குக் கூரை இல்லை. கொழுந்துச் சாக்கைப் போட்டு மூடி, மழையில் கொண்டு வந்து இறக்கினார்கள். அண்ணன் சாவு வீட்டுக்குப் போய் ஓரமாக நின்றார். யாரும் அவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டவில்லை. ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னார்:

"கல்யாண வண்டிக்காரரு வந்திருக்காரு. பாத்து ஒக்கார வைங்கப்பா. சட்டையில தீட்டு ஒட்டிக்கிறப் போவுது."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. புதைத்து முடியும் வரை நின்றுவிட்டு வந்தார். வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடங்கள் உண்டு. அதில் ஒன்றில் எங்கள் தோட்டத்துச் செல்வம் வேலை செய்தான். இங்கிலீஷ் பேசுவான். லைசன்ஸும் எடுத்திருந்தான். ஹயர் இருந்தால் அண்ணனைக் கூப்பிடுவான். ஒருமுறை ஜப்பான்காரர் ஒருவரை துன்ஹிந்த அருவிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றான். அண்ணன் முதல் நாளே வேனைக் கழுவினார். சொந்தக்காரர் வருகிற மாதிரி இருந்தது. நானும் செல்வமும் கூடப் போனோம்.

அந்த மனிதர் வேனுக்குப் பக்கத்தில் வந்தார். எழுத்தைப் பார்த்தார். முந்தின கல்யாணத்துச் சந்தனம் காய்ந்து இருந்தது. அதையும் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து, தலை குனிந்து கும்பிட்டார். பிறகுதான் ஏறினார்.

அண்ணன் என் காதில் சொன்னார்:

"பாத்தியா. கம்பெனிக்கே கும்பிடு போடுறாரு. அவங்க ஊருல தெனமும் ஆயுத பூசதான் போலருக்கு."

வழியில் அண்ணன் கம்பெனியைப் பற்றிக் கேட்கச் சொன்னார். செல்வம் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னான். அந்தக் குடும்பம் முதலில் கார் செய்யவில்லையாம். துணி நெய்கிற தறி செய்தார்களாம். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியாம். அதைச் செய்தது தகப்பன். கார் செய்யத் தொடங்கியது மகன். உலகப் பெரிய சண்டைக்குப் பிறகு கம்பெனி விழப் பார்த்ததாம். எழுந்து, அமெரிக்காவுக்குக் கார் அனுப்பினார்களாம். அங்கே மேட்டில் ஏற முடியாமல் அது திணறியதாம். வெட்கப்பட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டு, திரும்பவும் செய்தார்களாம். அதற்குப் பிறகு வந்தவைதான் இப்போது நாம் ஓட்டுகிறவை.

அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"கேட்டியாடா. அவனும் மேட்டுல நின்னவன்தான்."

அன்று போல அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அருவிக்குப் போகிற வழியில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று அங்கேதான் அண்ணன் கேட்டார். ஜப்பான்காரர் சொன்னார். செல்வம் மறுபடி ஏதோ கேட்டான். அவர் மறுபடி சொன்னார். செல்வம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்னாடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சொல்லித் தொல."

"சாவு வேல செய்யிற கடையோட வண்டியாம் இது. செத்தவங்களக் கொண்டு போறது, பொட்டி, பூ, எல்லாம் இதுலதானாம். அந்தக் கடப் பேருதான் எழுதியிருக்காம்."

அண்ணன் வேனின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதான் காலையில கும்பிட்டாராம். நாம சந்தனம் வச்சிருக்கறதப் பாத்து, செத்தவங்களுக்கு இம்புட்டு மரியாத குடுக்குற ஊரான்னு சந்தோசப்பட்டாராம்."

"நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேண்ணே."

அண்ணன் தேத்தண்ணியை முழுதும் குடித்தார். ஜப்பான்காரரை அருவிக்குக் கூட்டிப் போய், திரும்ப எல்லயில் விட்டார். திரும்பி வந்தோம். பசறை தாண்டி ஒரு வளைவில் சொன்னார்: "எத்தன பொண்ணு ஏறியிருக்கு இதுல."

விசயத்தைக் கேட்டதும் அண்ணி ஒரே சொல்லாகச் சொன்னார்: "பெயின்ட் அடிச்சிருங்க. செல்வம் வாயத் தொறக்க மாட்டான். யாருக்கும் தெரிய வேணாம்."

பதுளையில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் எழுத்தைத் தடவிப் பார்த்தார். "இத அழிச்சா ஜப்பான் வண்டின்னு எவனும் நம்ப மாட்டான். விக்கவும் ஏலாது. யோசிச்சுச் செய்ங்க" என்றார். அண்ணன் யோசித்தார். அழிக்காமல் திரும்பி வந்தோம். விலைக்காகத்தான் என்று நான் நினைத்தேன். இருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு போகிற தோட்டமெல்லாம் ஒரு விசாரிப்பு. இந்த வேனில் ஏறிய பெண்கள் எப்படி இருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததா. புருசன் குடிக்கிறானா. கேட்டவர்களுக்கு அண்ணனுக்கு என்ன வந்தது என்று புரியவில்லை. ஒரு நாள் வண்டி துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"நல்லா இருக்கறவளும் இருக்கா. இல்லாதவளும் இருக்கா. பஸ்ஸுல ஏறிப் போனவளும் அப்பிடித்தான் இருக்கா."

சில வாரம் போயிற்று. ஒரு காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இறக்கிவிட்டு வெளியே வந்தோம். வாசலில் எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசன் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் வீட்டுத் தாத்தா முதல் நாள் இறந்திருந்தார். எங்கள் வேனைக் கண்டதும் அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கேட்டாலும் கிடைக்காது என்று தெரியும்.

அண்ணன் இறங்கிப் போனார்.

"என்னா, இங்கேயே நிக்கிறீங்க?"

"கொழுந்து லொறி வரும்னாங்க. இன்னைக்குக் கொழுந்து நெறைய போல."

"இதுல ஏத்துங்க."

"இது கல்யாண வண்டிங்களே."

"ஏத்துங்கன்னா ஏத்துங்க."

என்னிடம் பின் சீட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அன்று வளைவுகளில் அவர் ஓட்டிய மாதிரி பெண்ணழைப்புக்குக் கூட ஓட்டியதில்லை. ஒரு குலுக்கல் இல்லை. பின்னால் இருந்த தாத்தாவுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். "பசறை வந்தாச்சு." "பாலம் வருது." "இனி நம்ம மேடுதான்." கூட வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

லயத்தில் இறக்கியதும் அங்கேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஜப்பானில் இது சாவு வண்டி. அந்த எழுத்து சாவுக் கடையின் பேர். எனக்கு முன்னால் தெரியாது. இப்போது தெரியும். அவ்வளவுதான் சொன்னார். ஒருவர் சிரித்தார். ஒருவர் முன்னால் வந்தார்.

"எம் மக இதுலதானய்யா போனா. சந்தனமெல்லாம் வச்சமே."

"ஆமா. நாந்தான் ஓட்டினேன். திட்டுறதுன்னா திட்டிக்க."

அவர் திட்டினார். அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார்.

தை பிறந்தது. ஒரு கல்யாணமும் வரவில்லை. பேசி வைத்தவர்களும் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றினோம். எந்த வேலையை விட்டு வந்தாரோ அதே வேலை. லீக்ஸ் வாசம் வேனை விட்டுப் போகவில்லை. அண்ணி திரும்பவும் கொழுந்துக் கூடை தூக்கினார். அவர் அண்ணனை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. பேசாமலும் இருந்தார். அது இன்னும் கஷ்டம்.

ஆனால் இறந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகு எங்கள் வேனில்தான் வீட்டுக்கு வந்தார்கள். டீசல் மட்டும் போடச் சொல்வார். போட முடியாதவர்களிடம் அதையும் கேட்கமாட்டார். பல தோட்டத்துக்குப் போனோம். ரோடு என்று சொல்ல முடியாத இடத்துக்கும் போனோம். அந்த வண்டி ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் அசதி இருந்தது. வண்டிக்கு இல்லை.

ஒரு வருசம் தாண்டியிருக்கும். ஆடி மாதம். மாரியாயி அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். வீட்டுக்காரர் போனதிலிருந்து அவர் எங்களோடு பேசுவதில்லை.

"ஆவணியில மகளுக்குக் கல்யாணம். வண்டி வேணும்."

"இது என்னா வண்டின்னு தெரியுமில்ல மாரியாயி."

"ஊருக்கே தெரியும்."

"மாப்ள வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்க வீட்டுலயும் செத்தவங்க இருப்பாங்க. சொன்னா நான் பேசிக்கிறேன்."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். மாரியாயி அக்கா விடவில்லை.

"எங்க வீட்டு மனுசன் சாக்குக்கு அடியில நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. மகளாவது சீட்டுல ஒக்காந்து போகட்டும்."

அண்ணி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். மாரியாயி அக்கா வாங்கிக் குடித்தார்.

கல்யாணத்தன்று மாரியாயி அக்கா தாலி இழந்தவர் என்பதால் சந்தனக் கிண்ணத்தை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கொடுக்கவில்லை. அவரே அந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண் ஏறினாள். அண்ணன் ஓட்டினார். அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு இந்தப் புத்தகத்தை வாங்க வருவாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கல்யாணங்கள் ஒன்று இரண்டாக வந்தன. முன்பு போல இல்லை. சிலர் கடைசி வரை வரவில்லை. அண்ணன் யாரையும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு ஓட்டினார். மகளைப் படிக்க வைத்தார். அவள் இப்போது டீச்சராக இருக்கிறாள். அவருடைய குணம் என்ன என்று எழுதச் சொன்னால், எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருசத்தில் அவருக்குச் சீனி வியாதி கூடியது. காலில் உணர்ச்சி குறைந்தது. கிளச்சை மிதித்திருக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டி வந்தது. அன்றே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். பிறகு கால் புண்ணாகி, ஒரு காலை எடுத்தார்கள். அவர் வலி என்று சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டார்:

"வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"சனிக்கெழம பக்கத்துத் தோட்டத்துல கல்யாணம். மறந்துறாத."

"மறக்கல."

"மறந்துருவ நீ. செல்வத்துக்கிட்டயும் சொல்லி வை."

புதன்கிழமை இரவு மூச்சு நின்றது. வியாழன் நான்தான் அவரை ஏற்றி வந்தேன். பசறை வந்தாச்சு என்று சொன்னேன். பாலம் வருது என்று சொன்னேன். மேட்டில் ஏறும்போது சொல்ல முடியவில்லை. பின்னால் இருந்த அண்ணி சொன்னார்.

வெள்ளிக்கிழமை புதைத்தோம். மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணின் தகப்பனார் எங்கள் வாசலில் ஓரமாக நின்றார். கேட்கவும் முடியவில்லை. போகவும் முடியவில்லை. அண்ணிதான் கூப்பிட்டார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நாளைக்கு வேற வண்டி பாத்துக்கிறோம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் நின்னேன்."

"ஏன், இது ஓடாதா?"

"அப்பிடி இல்ல. நேத்துத்தான அவர இதுல..."

"அவரு ஒத்துக்கிட்ட ஹயர். கழுவி அனுப்பச் சொல்றேன். நீங்க போய்க் கல்யாண வேலையப் பாருங்க."

எனக்குத் தீட்டு. நான் ஓட்டக் கூடாது. செல்வம் ஓட்டுகிறேன் என்றான்.

வைத்தியர்களுக்கும், காலுக்கு மருந்து கட்டிய தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குழி வெட்டியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. லீவு கொடுத்த தோட்டத்துக்கு நன்றி. ஓட்டிய செல்வத்துக்கு நன்றி. தன் பெண்ணை நம்பி அனுப்பிய அந்தத் தகப்பனாருக்கு நன்றி.

புதைத்த அன்று மாலை பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, மஞ்சள் கரைத்து, வேனைக் கழுவியவர்கள் இருக்கிறார்கள். மாரியாயி அக்கா இருந்தார் என்று தெரியும். மற்றவர்கள் பேர் தெரியாது. நான் உள்ளே சுவரோடு உட்கார்ந்திருந்தேன். வாளிச் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் எடுத்துக் கழுவினார்கள். உங்களுக்குத்தான் நான் அன்று ஒரு நன்றியும் சொல்லாமல் இருந்துவிட்டேன். காலையில் வேன் கல்யாணத்துக்குப் போயிற்று.